136 ஆண்டுகள் சோதிக்கப்படாத ஹார்ட் டிஸ்க்

கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கிறது: இந்த டிஸ்க் 49,710 நாட்களாகச் சோதிக்கப்படவில்லை, கட்டாயச் சோதனை தொடங்குகிறது. நாட்களை ஆண்டாக்கினால் 136. அத்தனை ஆண்டுகளுக்கு முன் ஹார்ட் டிஸ்க் ஏது? ஆனாலும் பழைய லினக்ஸ் பதிப்புகளில் இந்த வரியைப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பெரிய டிஸ்க்காக இருந்தால் சோதனை முடிய நெடுநேரம் ஆகும். அடுத்தடுத்த நாளும் அதே கதை என்றால், டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பும் முன் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

எண்ணின் பிறப்பு

லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகளில் ‘சூப்பர்பிளாக்’ என்றொரு சிறு பகுதி உண்டு. டிஸ்க்கைக் கடைசியாக எப்போது இணைத்தோம், எப்போது எழுதினோம், எப்போது சோதித்தோம் என்ற மூன்று நேரங்களும் அதில் பதிந்திருக்கும். 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளின் எண்ணிக்கையாகவே நேரம் எழுதப்படுகிறது.

இயந்திரம் எழும்போது ‘எஃப்எஸ்சிகே’ என்ற சோதனை நிரல் அந்தக் குறிப்பைப் படித்து, இப்போதைய நேரத்திலிருந்து கடைசிச் சோதனை நேரத்தைக் கழிக்கிறது. முன்பெல்லாம் 180 நாள் தாண்டியிருந்தால் முழுச் சோதனை என்பது வழக்கமான கெடு. கடிகாரம் பின்தங்கியிருந்தால் கழித்தலின் விடை சைபருக்குக் கீழே போகும். ஆனால் கணக்கு நடந்த 32 பிட் இடத்தில் குறை எண்ணுக்கு இடமில்லை. சைபரிலிருந்து பின்னால் சுழற்றிய கிலோமீட்டர் மீட்டர் எல்லா இலக்கமும் 9 ஆகி நிற்பதுபோல, விடை உச்ச எண்ணுக்குத் தாவிவிடுகிறது. அந்த உச்சம் ஏறத்தாழ 429 கோடியே 49 லட்சம் விநாடி. ஒரு நாளின் 86,400 விநாடியால் வகுத்தால் 49,710 நாளும் சொச்சமும் வரும்.

அந்தச் சொச்சம் ஆறரை மணி நேரம். ஆகவே, திரையில் சரியாக 49,710 என்று வந்தால், கடிகாரம் பின்தங்கியது ஆறரை மணி நேரத்துக்குள்தான் என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

கரண்ட் இல்லாதபோது நேரம் காப்பது யார்?

மதர்போர்டில் நேரம் காக்கவென்றே ஒரு சுற்று இருக்கிறது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் மோட்டரோலாவின் சிப் ஒன்று இந்த வேலையைச் செய்தது. அதன் வழிவந்ததே இன்றைய சுற்றும். அதற்குத் தாளம் போடுவது விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் மிச்சம் 1. ஒரு விநாடி கிடைத்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது இந்தச் சுற்றுக்கு உயிர் கொடுப்பது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட சிஆர்2032 என்ற 3 வோல்ட் லித்தியம் செல். கடைக்காரர்கள் சிமோஸ் பேட்டரி என்பார்கள். சில ஆண்டுகள் உழைத்துவிட்டு அது ஓயும்போது, மெயின் சுவிட்சை அணைத்த ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். அப்போது வருவது வேறு செய்தி: சூப்பர்பிளாக்கில் உள்ள கடைசி இணைப்பு நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது. சில பழைய பதிப்புகள், கையால் சோதனையை ஓட்டும்வரை மேலே நகராமல் நின்றுவிடும்.

ஐந்தரை மணி நேரக் குழப்பம்

செல் நன்றாக இருந்தும் தொல்லை வரலாம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்தால் இதைக் கவனியுங்கள். விண்டோஸ் சிப்பில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது; லினக்ஸ் அதே எண்ணை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணி நேரம்.

காலை 10.30-க்கு விண்டோஸை மூடி லினக்ஸைத் திறக்கிறீர்கள். சிப்பில் 10.30, லினக்ஸ் ஐந்தரையைக் கூட்டி மாலை 4 மணி என்று நம்பி, டிஸ்க்கிலும் அப்படியே எழுதிவிடுகிறது. இணையம் கிடைத்ததும் நேர சர்வர் திருத்த, 10.30 திரும்பிவிடுகிறது. 10.50-க்கு மறுபடி தொடங்கினால், டிஸ்க்கில் இருப்பது இன்னும் வராத மாலை 4 மணி. இப்போதைய சோதனை நிரல் 24 மணி நேரம் வரையான பிசகைப் பொறுத்துக்கொள்ளும், பழையது பொறுக்காது.

எப்படிச் சரிசெய்வது?

முதலில், கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் இயக்க அமைப்பு எழும் முன்பே, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். தேதி போயிருந்தால் செல் மீதுதான் சந்தேகம். நேரம் ஓடிக்கொண்டிருந்தும் சில மணி நேரம் மட்டும் பிசகினால் நேர மண்டலக் குழப்பம். பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ் செல்லாது என்று மறுப்பதும் தேதி தவறியதன் அடையாளம்.

செல்லை மாற்றும் முன் பயாஸ் அமைப்புகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசை போன்றவை அழிந்துவிடக்கூடும். பிளக்கைப் பிடுங்கியபின் பழையதை நெம்பி எடுத்து, கூட்டல் குறி பழைய பக்கமே பார்க்கும்படி புதியதை வையுங்கள். பயாஸில் நேரத்தைச் சரியாக்கிய பிறகே இயக்க அமைப்பை எழ விடுங்கள். பழைய செல்லை உடனே குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். விழுங்கிய செல் தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்; உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரட்டை அமைப்பு என்றால் ஏதாவது ஒன்றை மற்றதோடு இசையச் செய்யுங்கள். விண்டோஸை உலகப் பொது நேரத்துக்கு மாற்றுவதே மேல். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிகளில், 4 வரையான பலகைகளில் நேரச் சுற்றே கிடையாது. அணையும்போது நேரத்தைக் கோப்பில் எழுதி, எழும்போது படிக்கும் சிறு நிரல் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. இப்படிப்பட்ட இயந்திரங்களுக்காகவே, கடிகாரத்தை நம்பாதே என்று சோதனை நிரலுக்குச் சொல்லும் அமைப்பும் இருக்கிறது.

மற்றவர்கள் அதைத் தொட வேண்டியதில்லை. தொல்லை தாங்காமல் சோதனையையே நிறுத்திவிடச் சொல்லும் அறிவுரையையும் ஏற்காதீர்கள். நேரம் சரியான பிறகும் சோதனை திரும்பத் திரும்பப் பிழை கண்டுபிடித்தால், அது டிஸ்க் தரும் உண்மையான எச்சரிக்கை. அன்றே முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். சோதனையை முடக்கியவருக்கு அந்த எச்சரிக்கை வராமலே போகும்.