தலைக்கவசமும் கடல்கட்டியும்

மன்னார்ப் பெருநிலக் கரையில், அரிப்புக்குத் தெற்கே மறிச்சுக்கட்டி என்னும் இடத்தில், 1905ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு நகரம் எழுந்தது. கிடுகாலும் கம்புகளாலும் கட்டப்பட்ட நகரம் அது. அங்கே நீதிமன்றம் இருந்தது, மருத்துவமனை இருந்தது, தபாற் கந்தோரும் நீண்ட கடைவீதியும் இருந்தன. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் பல்லாயிரம் மக்கள் வந்து கூடினர். முத்துச் சலாபம் நடந்த அந்தச் சில வாரங்களில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கடலிலிருந்து எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. சிப்பியில் மூன்றிலொரு பங்கு மூழ்கியவர்களுக்கு உரியது. சலாபம் முடிந்ததும் நகரமும் மறைந்தது. மணல்மேடும் சிப்பி ஓடுமே எஞ்சின.

மூழ்குபவன் கல்லொன்றிற் காலை வைத்து, கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்துக்கு இறங்குவான். அராபியர் மூக்கைக் கொம்புக் கவ்வியால் அடைத்துக்கொள்வர். தமிழர் விரலாற் பிடித்துக்கொள்வர். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரி மடியில் இட்டு மேலே வந்துவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பலமுறை இவ்வாறு இறங்குவர். இவர்கள் கடலுக்குள் இறங்குமுன் ஒருவருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தனர். அவர்தான் கடல்கட்டி. மந்திரத்தாற் சுறாமீனின் வாயைக் கட்டுபவர் என்று அவரை நம்பினர். அவர் இல்லாமற் பலர் தோணியேற மறுத்தமையால், பிரித்தானிய அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது.

சுறாவால் இறந்தவர்கள் மிகச் சிலரே. சலாபங்களைக் கலைத்து, முகாமிலிருந்த மக்களை ஓடச் செய்தது பெரும்பாலும் வாந்திபேதி நோயாகும். ஆழத்தின் அழுத்தத்தால் மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிந்ததும், செவிப்பறை கெட்டதும் தொழிலோடு கூடியவை என்று விடப்பட்டன. அவற்றைக் கட்ட மந்திரம் எவரும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த பகைக்குக் காவல் இருந்தது; காணாத பகைக்கு இல்லை. கடல் கடந்து செல்லும் ஒரு விளையாட்டின் கதையிலும் இதே நிலையைக் காணலாம்.

அதே 1905ஆம் ஆண்டில், உலகின் மறுபுறத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் மைதானங்களில் குறைந்தது 18 இளைஞர் ஒரு விளையாட்டினால் உயிரிழந்தனர். அமெரிக்க உதைபந்தாட்டம் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு நம்மவர் ஏமாறக் கூடாது. அதிற் காலுக்கு வேலை மிகக் குறைவு. அது ரக்பி ஆட்டத்தின் வழிவந்தது. பக்கத்துக்குப் பதினொரு பேர். முட்டை வடிவமான பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறத் தவறினாற் பந்து எதிரணிக்குப் போய்விடும். ரக்பியில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கோ, இரு வரிசைகள் எதிரெதிரே குனிந்து நின்று, ஒரே கணத்திற் பாய்ந்து மோதி, நின்று, மறுபடியும் மோதுகின்றன. பந்தே கைக்கு வராத ஒருவனும் ஓர் ஆட்டத்திற் பல பத்து முறை மோதுண்டு போகிறான்.

அந்நாளில் ஆட்டக்காரர் ஒருவரோடொருவர் கைகோத்து ஆப்புப் போலத் திரண்டு பாய்வது வழக்கமாயிருந்தது. சாவுகள் பெருகவே, சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அவ்வாண்டு ஒக்டோபரில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. இரு வரிசைகளுக்குமிடையே வெற்றிடம் விடப்பட்டது. கூட்டமாய்த் திரண்டு நசுக்கிய ஆட்டம் மைதானமெங்கும் பரவி ஓடத் தொடங்கியது.

தலைக்கவசமும் படிப்படியாகப் பரவியது. முதலில் தோல், பின்னர் பிளாஸ்டிக். தொழின்முறை ஆட்டத்தில் 1943 முதல் அது கட்டாயமாயிற்று. மண்டையோடு உடைவதைத் தலைக்கவசம் தடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூளை என்பது மண்டையோட்டுக்குள் நீரிலே மிதக்கும் மெல்லிய பொருள். ஓடிவரும் தலை திடீரென நின்றால், ஓடு நின்றபின்னும் மூளை ஒரு கணம் நகர்கிறது, முறுகுகிறது, நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. வெளியே எத்தனை தடித்த ஓட்டைப் போட்டாலும் உள்ளே நிகழும் இந்த ஆட்டத்தை அது முற்றாக நிறுத்த மாட்டாது. மருத்துவர் இதை மூளையதிர்ச்சி என்பர். அதற்கு இரத்தம் சிந்த வேண்டியதில்லை. நினைவு தவற வேண்டியதுமில்லை.

கவசம் தந்த துணிவு வேறொரு கேட்டையும் விளைத்தது. தலையைத் தாழ்த்தி அதையே ஈட்டியாக்கி மோதும் பழக்கம் பரவியது. 1968ஆம் ஆண்டில் மாத்திரம் நேரடிக் காயங்களால் 36 பேர் இறந்தனர். தலையால் முதலில் மோதுவதைப் பாடசாலை, கல்லூரி ஆட்டங்களில் 1976இல் தடைசெய்தபின் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. 1990இல் அவ்வாறான இறப்பு ஒன்றேனும் நிகழவில்லை. கவசம் தனியே செய்ய முடியாததை விதி செய்தது.

ஆனால் இறந்தவர்களின் கணக்கில் வராத ஒரு கேடு எஞ்சியிருந்தது. பிட்ஸ்பர்க் நகரின் புகழ்பெற்ற ஆட்டக்காரரான மைக் வெப்ஸ்டர் 2002இல், ஐம்பது வயதிற் காலமானார். கடைசி ஆண்டுகளில் அவர் நினைவும் நிதானமும் குலைந்து அலைந்தவர். நைஜீரியாவிற் பிறந்த மருத்துவர் பெனற் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் உண்டாகும் நாட்பட்ட மூளைச் சிதைவை அதிற் கண்டு, 2005இல் ஆய்வுரையாக வெளியிட்டார். குத்துச்சண்டைக்காரரிடம் முன்னரே அறியப்பட்டிருந்த நோய் அது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், முன்னாள் தொழின்முறை ஆட்டக்காரர் 111 பேரின் மூளைகளில் 110இல் இது காணப்பட்டது. நோயென்று ஐயுற்ற குடும்பத்தினரே பெரும்பாலும் மூளையை ஆய்வுக்குக் கொடுத்தனர். ஆகவே எல்லா ஆட்டக்காரருக்கும் இவ்வளவு வீதத்தில் நோய் உண்டென்று கொள்ளக் கூடாது. அப்படியிருந்தும் அந்த எண் எவரையும் திடுக்கிடச் செய்யும். முன்னாள் ஆட்டக்காரர் ஆயிரக்கணக்கானோர் தொடுத்த வழக்கில், நஷனல் புட்போல் லீக் என்னும் தொழின்முறைச் சங்கம் நூறு கோடி டொலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது.

இத்தகைய கேள்விகள் சூழ்ந்திருக்கும் காலத்திலேதான் அந்தச் சங்கம் தன் ஆட்டங்களைக் கடல் கடந்து கொண்டு செல்கிறது. உள்நாட்டிற் பார்வையாளர் நிறைந்துவிட்டனர். புதிய சந்தை வேண்டும் என்பதே காரணம். பருவகால ஆட்டமொன்று 2005இல் மெக்சிக்கோ நகரின் அஸ்டெக்கா அரங்கில் நடந்தபோது ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடினர். 2007 ஒக்டோபரில் இலண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த ஆட்டத்தில், மழையில் நனைந்த புற்றரை சேறாகியது. பின்னர் மியூனிக், பிராங்பர்ட், சாவோ பாவுலோ என்று பட்டியல் நீண்டு, 2025இல் மாத்திரம் ஏழு ஆட்டங்கள் அந்நிய மண்ணில் நடந்தன. டப்ளினும் பெர்லினும் மட்ரிட்டும் அவற்றுள் அடங்கும்.

புற்றரை சிறிய விடயமன்று. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மனிதன் முழு வேகத்தில் ஓடித் திரும்பும்போது காலடி வழுக்கினால் முழங்கால் நாண் அறுந்துபோகும். 2018 நவம்பரில் அஸ்டெக்காவில் நடக்கவிருந்த ஆட்டம், தரை பழுதுபட்டிருந்தமையால், ஆறு நாட்களுக்கு முன் ரத்தாகி லொஸ் ஏஞ்சலிசுக்கு மாற்றப்பட்டது. நுழைவுச்சீட்டு வாங்கிய மெக்சிக்கர் மனம் வருந்தியிருப்பர். ஆயினும் அந்த முடிவு பாராட்டத்தக்கது. 2024 செப்டம்பரில் சாவோ பாவுலோவில் ஆட்டக்காரர் பலர் வழுக்கியபடியே ஆடினர். உதைபந்தாட்டத்துக்கென வளர்த்த புல் வேறு, இந்த மோதலைத் தாங்கும் புல் வேறு.

மேலும், இந்தச் சங்கம் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் ஏறத்தாழ முப்பது மருத்துவப் பணியாளர் மைதானத்தில் இருப்பர். அணியைச் சாராத நரம்பியல் மருத்துவரும் அவர்களுள் உண்டு. இதன் பயன் 2023 சனவரி 2ஆந் திகதி சின்சினாட்டியிற் புலப்பட்டது. டமார் ஹாம்லின் என்னும் இளம் ஆட்டக்காரர் மோதலின்பின் எழுந்து நின்று, அடுத்த கணமே இதயம் நின்று விழுந்தார். மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்து அவரை மீட்டனர். அவர் மறுபடியும் ஆடவந்தார். வெளிநாட்டு ஆட்டத்துக்கும் இந்த ஏற்பாடு கூடவே போகிறது. ஆட்டம் முடிந்ததும் கூடவே திரும்பிவிடுகிறது. சலாபத்து மருத்துவமனையும் கிடுகுக் கொட்டிலோடு கலைந்ததுதான்.

விருந்தாளியாக வந்து போகும் ஆட்டத்தைவிட, வேரூன்ற வரும் ஆட்டமே அதிகமாக ஆராயப்பட வேண்டியது. தெற்காசியாவில் அப்படியொரு முயற்சி நடந்தது. எலீட் புட்போல் லீக் ஒப் இந்தியா என்னும் அமைப்பு 2011இல் அறிவிக்கப்பட்டு, 2012இல் எட்டு அணிகளோடு முதற் பருவத்தை நடத்தியது. அமெரிக்க முதலீட்டாளரும் முன்னாள் ஆட்டக்காரரும் அதற்குப் பின்னால் இருந்தனர். இலங்கையின் பெயரைத் தாங்கி கொழும்பு லயன்ஸ் என்ற அணியும் ஆடியது. பட்டத்தைப் பூனே அணி வென்றது. ஆடியவர்கள் பலர் ரக்பி முதலிய வேறு விளையாட்டுகளிலிருந்து வந்து, வளர்ந்தபின் இந்த ஆட்டத்தைக் கற்றவர்கள். முதற் பருவத்தின் ஆரவாரம் நெடுங்காலம் தொடரவில்லை. கவசத்தையும் தோட்பட்டையையும் கப்பலில் இறக்குவது எளிது. எப்படி மோத வேண்டும் என்று பத்து வயது முதற் பழக்கிய பயிற்சியும், மோதலின்பின் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரமுள்ள மருத்துவரும் பெட்டியில் வருவதில்லை.

2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவுக்குத் தெரிவாகியிருக்கும் கொடி ஆட்டம் இதனினும் தகுந்த பயணி எனலாம். பக்கத்துக்கு ஐந்து பேர். இடுப்பிலே துணிப்பட்டி தொங்கும். எதிரியை விழுத்துவதற்குப் பதிலாக அந்தப் பட்டியை இழுத்தெடுத்தால் ஆட்டம் நின்றுவிடும்.

மன்னாரில் அமெரிக்க உதைபந்தாட்டம் இல்லை. பேசாலையிலும் பள்ளிமுனையிலும் தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் மாலைவேளையில் எழும் ஆரவாரம் நாமறிந்த உதைபந்தாட்டத்துக்குரியது. இந்த மாவட்டத்துக் கடலோர ஊர்களில் அது விளையாட்டு மட்டுமன்று, ஊரின் மானம். ஆனால் அமெரிக்க மூளைகளிற் கற்ற பாடம் இந்தப் பந்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர், ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழின்முறை உதைபந்தாட்டக்காரர் 7,676 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, மூளைச் சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது பொதுமக்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கண்டனர். தலையாற் பந்தை அடிப்பதே காரணமா என்பது முடிவாகவில்லை. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவிற் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர் தலையால் அடிப்பது 2015இலேயே தடுக்கப்பட்டது. 2020இல் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் சிறுவர் பயிற்சியில் அதை நிறுத்தின. மூளையதிர்ச்சி பெற்றவருக்குப் பதிலாக மேலதிகமாக ஒருவரை இறக்கும் விதி 2021இற் பரீட்சார்த்தமாக வந்து, 2024 முதல் நிரந்தரமாக விதிநூலில் இடம்பெற்றது.

அந்த மேலதிக ஆளைக் களமிறக்க அரங்கும் வேண்டியதில்லை, கோடிப் பணமும் வேண்டியதில்லை. வேண்டியது, இரு தலைகள் மோதிய பின் விசிலை ஊதிவிட்டு அவசரப்படாமல் நிற்கும் நடுவர் ஒருவர். விழுந்தவன் பெரும்பாலும் தானே எழுந்துவிடுவான். "ஒன்றுமில்லை, ஆடுவேன்" என்றும் சொல்வான். அவன் சொல்லைச் சான்றாகக் கொள்ளலாகாது. எந்த ஊரோடு ஆடுகிறோம், கடைசிக் கோலை யார் அடித்தார் என்று கேட்க வேண்டும். கண் மங்கலா, தலைசுற்றா, நடையிலே தள்ளாட்டமா என்று பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் அன்று அவன் மறுபடியும் களமிறங்கக் கூடாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது படுவது இளமூளைக்கு உயிராபத்தாக முடியலாம். வாந்தியோ, கூடிவரும் தலைவலியோ, எழுப்ப முடியாத உறக்கமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் என்பதை எண்ணி, வாகனத்தை ஆட்டம் தொடங்குமுன்னரே ஒழுங்குசெய்து வைப்பது நன்று.

இந்தக் கரைக்கேயுரிய எச்சரிக்கை இன்னொன்றுண்டு. மாலையிற் பந்தாடிய இளைஞர் பலர் இரவிலே படகேறுகின்றனர். தலையில் அடிபட்டவனை அன்றிரவு வலை இழுக்க அனுப்பக் கூடாது. அவன் வீட்டிலே, பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க, உறங்கட்டும்.