ஏரிக்கரையும் இரயில் தடமும்: உடல் தேறுவோர் எங்கே நடக்கலாம்?

“தினமும் நடக்க வேண்டும்” என்று மருத்துவர் கூறுவார். எங்கே நடப்பது என்பதைப் பெரும்பாலும் எவரும் கூறுவதில்லை. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரைக் குடும்பத்தார் அன்பின் மிகுதியால் கட்டிலிலேயே இருத்திவிடுவதும் உண்டு. வாரக்கணக்கில் அசையாதிருந்தால் கால் தசைகள் மெலியும். சிறு வேலைக்கே மூச்சு வாங்கும். அதனை இதயத்தின் குறையென்று கருதி நோயாளி மேலும் அஞ்சுவார். இத்தகையோருக்கு முதலில் வேண்டியது ஏற்ற இறக்கமில்லாத பாதை.

அயல்நாடுகளில் கைவிடப்பட்ட இரயில் தடங்களை நடைபாதைகளாக மாற்றியிருப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. செங்குத்தான மேட்டில் இரயிலால் ஏற இயலாது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தடத்தைச் சமமாக அமைத்தனர். சிங்கப்பூரில் 2011 ஜூன் 30 அன்று இறுதி வண்டி சென்றபின், தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரையிலான 24 கிலோமீட்டர் தடம் பசுமை நடைவழியாகியுள்ளது. மலாயாவின் இரயில் பாதைப் பணிகளில் தமிழர் பலர் உழைத்தனர் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரருகே நிலக்கரி வண்டிகள் ஓடிய தடமொன்று கடலோரப் புதர்க்காடுகளின் ஊடே செல்கிறது.

நம் பகுதியில் அப்படியொரு தடம் இல்லை. 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம்–புதுச்சேரி பாதையில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. தண்டவாளத்தின் அருகே நடப்பது ஆபத்தானது, சட்டப்படியும் குற்றம். ஆனால் அதே நன்மையைத் தரும் ஒன்று நம் முன்னோர் விட்டுச் சென்றதாக ஊர்தோறும் உள்ளது: ஏரிக்கரை. கரையின் ஓரிடம் தாழ்ந்திருந்தால் வெள்ளக் காலத்தில் நீர் அவ்வழியே வழிந்து கரையை உடைத்துவிடும். எனவே கரையின் தலைப்பு நெடுகிலும் ஒரே மட்டமாக இருந்தாக வேண்டும். நீரைக் காக்கச் செய்த சமன் நோயாளிக்கும் உதவுகிறது.

திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, திருச்சிற்றம்பலம் கூட்டுச்சாலையை அடுத்துள்ள இரும்பை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் திருக்கோயிலும் ஏரியும் அவ்வூரின் சிறப்பு. கடுவெளிச் சித்தரின் சாபத்தால் இலிங்கம் பிளந்தது என்பது அத்தலத்தின் ஐதீகம். அருகிலுள்ள ஆரோவில் 1968-இல் தொடங்கப்பட்டபோது அந்நிலம் மழைநீர் அரித்த செம்மண் பொட்டலாகவே இருந்தது. இன்று அங்கே வீரை, காயா, கருங்காலி முதலிய, இக்கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் மீண்டும் வளர்ந்துள்ளன.

கரையில் நடப்பவர் ஒன்றை மறக்கலாகாது: போன தொலைவு முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். களைத்தபின் திரும்புவது தவறு. பத்து நிமிடம் நடக்கக் கருதினால் ஐந்தாம் நிமிடத்திலேயே திரும்புங்கள். மருத்துவரின் ஒப்புதலுடன் முதலில் ஐந்து நிமிடம், நாளுக்கு இருமுறை என்று தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். உடன் செல்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். இது பொழுதுபோக்கு மட்டுமன்று. நோயாளியால் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரியானது. ஒரு வாக்கியத்துக்குள் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி தோன்றினால் உடனே உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள்.

கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுவது நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் வழுக்கும். மூட்டுவலி உள்ளோரும் ஊன்றுகோல் கொண்டோரும் அந்நாட்களில் வீட்டுத் தாழ்வாரத்திலேயே நடக்கலாம். இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருப்பது அவசியம். நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவருக்கு முள் தைத்தாலும் தெரியாது. கரையெங்கும் கருவேல முள் கிடக்கும். செருப்பைத் துளைத்து ஏறக்கூடியது அது. கெட்டியான அடிப்பாகம் கொண்ட மூடிய காலணியையே அணியுங்கள். வீடு திரும்பியதும் காலணியை உதறிப் பார்த்துவிட்டு, இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்பட வெளிச்சத்தில் சோதியுங்கள். குனிய இயலாதவருக்கு இதனை வீட்டிலுள்ளோர் செய்யலாம். சிறு கீறல் காணப்பட்டாலும் மறுநாளே புறநோயாளர் பிரிவில் காட்டுங்கள்.