பிள்ளைகளும் சாலை விபத்துகளும்

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சாலை விபத்துகளில் மாண்டோர் ஏறத்தாழ 11,90,000 பேர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்திற்கு முதற் காரணம் இதுவே. ஆயினும் இது விதியின் செயலன்று, தடுக்கத்தக்கதேயாகும்.

பெங்களூரின் கிழக்கே, பிரேசர் டவுனையும் குக் டவுனையும் அடுத்துள்ள ரிச்சர்ட்ஸ் டவுன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான குடியிருப்பு. மோட்டார் வண்டிகள் அரிதாயிருந்த நாளில் வகுக்கப்பட்ட அதன் தெருக்களில் இன்று கார்களும் ஸ்கூட்டர்களும் நிறைந்துள்ளன. வீடும் பள்ளியும் பூங்காவும் அருகருகே அமைந்த இத்தகைய பகுதிகளில், பிள்ளைகள் நாள்தோறும் சாலையைக் கடந்தே தீரவேண்டும்.

குழந்தையின் இயல்பு

நிறுத்தி வைத்த காருக்குப் பின்னால் நிற்கும் சிறு குழந்தைக்குச் சாலை தெரியாது; ஓட்டுநருக்கும் குழந்தை தெரியாது. வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் மதிப்பிடும் ஆற்றல் வயது ஏற ஏறவே முதிர்கிறது. சாலை நெரிசலுக்கு ஏற்பச் சிறு குழந்தைகளை முற்றிலும் பழக்கிவிட இயலாது என்பதைச் சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் 1960களிலேயே தம் ஆராய்ச்சிகளால் எடுத்துக்காட்டினார். ஆகவே, குழந்தைக்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. சாலையும் குழந்தைக்கு ஏற்றதாக அமைதல் வேண்டும்.

வேகமும் தலைக்கவசமும்

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டருக்குச் சற்று மிகுதியாகக் கடக்கும். 60 கிலோமீட்டர் வேகத்திலோ ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் அவ்வாறே பெருகும். பள்ளி வாயிலருகே வேகத்தடையும் நடைபாதையும் உயிர்காப்பன என்பதற்கு இதுவே காரணம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கும் பின்னமர்வோருக்கும் தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவிகிதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவிகிதமும் குறைப்பதாக 2008இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 4 வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வண்டியில் இதனை அணிதல் வேண்டும். 18 வயது நிரம்பாதவர் மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

செய்யத்தக்கவை

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையம் 2007-2008இல் போலீஸ், மருத்துவமனைப் பதிவுகளைத் திரட்டிக் காயங்களைக் கண்காணிக்கும் முறையை ஆராய்ந்தது. அவ்வழியைச் சிற்றளவில் பள்ளிதோறும் பின்பற்றலாம். பிள்ளைகள் வரும் வழியை ஆசிரியர் வரைபடமாக்கி, விபத்து நேர்ந்த இடத்தையும், மயிரிழையில் தப்பிய இடத்தையும், நேரத்தையும் குறித்து வைப்பாராக. களப்பணியாளர் அதனை நகராட்சிக்கும் போக்குவரத்துப் போலீசாருக்கும் எடுத்துச் சென்று, கடக்குமிடமும் வேகத்தடையும் அமையும் வரை தொடர்ந்து வற்புறுத்துதல் வேண்டும். சிறு குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுமாறு பெற்றோருக்கும் அறிவுறுத்துக.