ஓட்டு வீடு, ஓட்டுப் போட்ட ஊரு

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் எங்க பெரியப்பா. உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமத்துல அவருக்குப் பழைய நாட்டு ஓட்டு வீடு ஒண்ணு இருக்கு. போன மாசம் ஒருத்தர் வந்து, "வீட்டை மொத்தமா லீஸுக்குக் குடுங்க, ஹாலிடே காட்டேஜ் ஆக்கிக்கறோம். நீங்க டவுன்ல வாடகைக்குப் போயிடலாம்"னு சொல்லியிருக்காரு. பெரியப்பா உடனே எனக்குப் போன். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, இதுல காசு வருமாடா?"

கம்ப்யூட்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேக்கல. ஆனா வெள்ளிக்கிழமை ஆனா இந்த மாதிரி வீடு தேடி ஸ்க்ரோல் பண்ற ஆளு நான். அதனால வாடகைக்கு எடுக்கறவன் பக்கத்துல இருந்து யோசிச்சேன். அதைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல அந்த வீடு எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். வாசல்ல திண்ணை, உள்ள தாழ்வாரம், நடுவுல முற்றம், பின்னாடி கொல்லை. கூரையில பனை வாரை போட்டு, அது மேல மூங்கில் பிளாச்சு கட்டி, அரை உருளை மாதிரி இருக்கற நாட்டு ஓட்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருப்பாங்க. சிமெண்ட் கிடையாது, ஆணி கிடையாது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல இருக்கற சந்து வழியா சூடான காத்து மேல போயிடும். முற்றமும் அதே வேலையைத்தான் பண்ணுது. மே மாசம் மத்தியானம் அந்தத் தாழ்வாரத்துல பாய் போட்டுத் தூங்கினவங்களுக்கு இது தெரியும்.

இப்போ நாம என்ன பண்றோம்? ஆப்புல "ஏசி" ஃபில்டரை டிக் பண்றோம். சந்து விட்டுக் கட்டின கூரைக்கு அடியில ஏசி போட்டா குளிர்ச்சி எல்லாம் வானத்துக்குத்தான் போகும். அதனால ஓனர் ஃபால்ஸ் சீலிங் அடிப்பாரு, முற்றத்துக்குக் கண்ணாடி மூடி போடுவாரு. அதோட காத்தோட்டம் முடிஞ்சுது. கரண்ட் போனா உள்ள உக்கார முடியாது. போட்டோவுல மட்டும் பாரம்பரிய வீடு. ஒரு செக்பாக்ஸ் ஒரு வீட்டோட ஆர்க்கிடெக்சரையே மாத்துது. என் வேலையில இதுக்குப் பேரு ரிக்வயர்மெண்ட் சேஞ்ச்!

ரெண்டாவது விஷயம் கூரை. குரங்கு ஓடும், பூனை நடக்கும், ஓடு நகரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஆள் விட்டு, ஓட்டைப் பிரிச்சு, உடைஞ்சதை எடுத்துட்டுத் திரும்ப அடுக்கணும். இதை விட்டுட்டா தண்ணி இறங்கும், வாரை உளுத்துப்போகும், கரையான் வரும். இந்த வேலை தெரிஞ்சவங்களும் ஊர்ல குறைஞ்சுட்டே வராங்க. "ஒரு ஓட்டு வீட்டுக்கு இவ்ளோ வாடகையா?"ன்னு நானே கமெண்ட் போட்டிருக்கேன். மன்னிச்சுக்கோங்க.

வீட்டை மொத்தமா லீஸுக்கு விடறது வேற, ஹோம்ஸ்டே வேற. மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட திட்டப்படி ஹோம்ஸ்டேன்னா ஒண்ணுல இருந்து ஆறு ரூம் வரைக்கும், அதிகபட்சம் 12 படுக்கை. முக்கியமான நிபந்தனை, ஓனர் குடும்பம் அங்கேயே குடியிருக்கணும்.

இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவத்துல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் வெட்டின குடவோலைக் கல்வெட்டு இருக்கு இல்லையா? (சரியா சொன்னா அது ஓட்டு இல்ல, பானைக்குள்ள ஓலை போட்டுக் குலுக்கல். அதுவும் பிராமண சபை, எல்லாருக்கும் இடம் கிடையாது.) வாரியத்துக்கு வரணும்னா வயசு 35க்கு மேல 70க்குள்ள இருக்கணும், கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் வேணும், அப்புறம் சொந்த மனையில கட்டின வீட்டுல குடியிருக்கணும். ஏரியைப் பாத்துக்கற வாரியத்துக்கும் இதே கண்டிஷன்தான். ராத்திரி மழை கொட்டினா ஓடி வரவன் அங்கேயே இருக்கறவன்தானே.

ஆள் இல்லாத பழைய வீட்டைப் பாக்கணும்னா முட்டுக்காடு தக்ஷிணசித்ரா இருக்கு. கிராமங்கள்ல பிரிச்ச வீடுகளைக் கொண்டு வந்து திரும்பக் கட்டி, 1996ல திறந்தாங்க. அருமையான இடம், கட்டாயம் போங்க. ஆனா அது மியூசியம்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டுப் பேசுங்க. வீட்டுக்காரங்க அங்க இருக்காங்களா? ஓடு கடைசியா எப்போ பிரிச்சு அடுக்கினாங்க? பாத்ரூம் உள்ளயா, கொல்லையிலயா? ராத்திரி கொல்லைக்குப் போகப் பயந்தா முன்னாடியே சொல்லிடுங்க, வெக்கமே வேண்டாம். வேடந்தாங்கல் பறவைகளையும் சேத்துப் பாக்கணும்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, அப்போ ஏசி கேள்வியே வராது.

பெரியப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். லீஸ் வேண்டாம், தெருப்பக்கத்து ரூம் ரெண்டை மட்டும் விட்டுப் பாக்கலாம்னு ஒரு யோசனை. வருமானம் கம்மிதான், அதையும் மறைக்கல. பெரியம்மா ஒண்ணுதான் கேட்டாங்க: "வரவங்களுக்குக் காலையில யாருடா காபி போடறது?"

அதுக்கு எங்க ரெண்டு பேர்கிட்டயும் இன்னும் பதில் இல்ல.