கியர் பாக்ஸை இறக்கும் முன்

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்கு ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உதிரும் உப்புக்காற்று அது. வெளியில் நிற்கும் காரின் அடிப்பாகத்துக்கும் அதே கதிதான். அங்கிருந்து ராயபுரம் பக்கம் கிளம்பினால், துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை ஒட்டி முதல் கியரிலேயே ஊர்ந்து போக வேண்டிய நாட்கள் உண்டு. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறும். உப்பு, ஊர்தல், வெயில், வெள்ளம் ஆகிய நான்குமே ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயுளைக் குறைப்பவை. வடசென்னையில் நான்கும் ஒரே வண்டியின் மேல் விழுகின்றன.

2014-இல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. கியருடன் வந்த பிறகுதான் சின்ன கார் வாங்குபவருக்கும் ஆட்டோமேட்டிக் எட்டியது. முதலில் வந்த அந்த வண்டிகளுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. அதற்கும் முந்தைய ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஐ10 ஆட்டோமேட்டிக்குகள் இரண்டு மூன்று கை மாறி இன்னும் ஓடுகின்றன. ஒரு நாள் ‘டி’யில் போட்டதும் வண்டி நகராமல் தயங்குகிறது. அல்லது கியர் மாறும்போது ஜெர்க் அடிக்கிறது. அல்லது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி இழுப்பதில்லை. பட்டறைக்குப் போனதும் காதில் விழுவது, “கியர் பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்.” பழைய வண்டிக்கு அந்தச் செலவு, வண்டியின் விலையில் பெரும்பகுதியாகிவிடும். ஆனால் இந்தக் கோளாறுகளில் பல பெட்டிக்கு வெளியே தொடங்குபவை. கையிலிருக்கும் சின்னச் சோதனைகளை எல்லாம் முடித்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு, பெட்டியை இறக்குவது.

வண்டியில் இருப்பது எந்த வகை என்பது முதலில் தெரிய வேண்டும். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மனிதனுக்குப் பதிலாக ஓர் இயக்கி செய்கிறது. அதில் ஜெர்க் வந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், ஸ்கேனர் போட்டுக் கிளட்சின் பிடிப்புப் புள்ளியை மறுபடி பதிய வைப்பதும்தான் தொடக்கம். சி.வி.டி.யில் பல்சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு கூம்புக் கப்பிகளும் அவற்றுக்கிடையே ஓடும் எஃகுப் பட்டையும் இருக்கின்றன. டி.சி.டி., டி.எஸ்.ஜி. என்பவற்றில் இரட்டைக் கிளட்ச். பழைய ஐ10 போன்ற பல வண்டிகளில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் வகை: இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சக்தியைக் கடத்துவது ஆயில்தான்.

அந்த ஆயிலுக்கு அங்கே மூன்று வேலை. சக்தியைக் கடத்த வேண்டும். உள்ளே இருக்கும் கிளட்ச் அடுக்குகளைத் தன் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வெப்பத்தை வெளியே கொண்டுவர வேண்டும். அளவு குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கிளட்ச் நழுவும், நழுவினால் சூடு, சூட்டில் ஆயில் கெட்டு, நழுவல் இன்னும் கூடும். வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் கூடும்தோறும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. மே மாத வெயிலில் மணலி சாலையில் லாரிக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல.

ஆயிலைப் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். டிப் ஸ்டிக் உள்ள பல வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ‘பி’யில் போட்டு, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் இன்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்கிறது கையேடு. டிப் ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் லிஃப்டில் ஏற்றி, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது அடியிலுள்ள பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆயிலுக்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் சேர்த்திருப்பார்கள். இன்ஜின் ஆயில் கசிவிலிருந்து அடையாளம் தெரிவதற்கு.

டிப் ஸ்டிக்கில் ஒட்டிய ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். ஊடுருவித் தெரியும் சிவப்பு நல்லது. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுத்து, கருகல் வாடை அடித்தால் கிளட்ச் உராய்வுப் பூச்சு எரிந்திருக்கிறது. விரலில் தேய்க்கும்போது மின்னும் துகள் நெருடினால் உள்ளே உலோகம் தேய்கிறது. கடைசி இரண்டு நிலையில் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கலாம். பழுப்பாக மட்டும் இருந்தால், அளவு குறைவாக மட்டும் இருந்தால், அதைச் சரி செய்து, கசிவு எங்கே என்று கண்டுபிடித்து, ஓட்டிப் பார்க்காமல் பெட்டியில் கை வைக்கக் கூடாது.

“இது ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்” என்று பல கார் நிறுவனங்கள் எழுதிவைத்திருக்கின்றன. பல உயர்ரகக் கார்களுக்குக் கியர் பாக்ஸ் செய்துதரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் சொல்வதை நம்புவதே சரி. என்ன ஆயில் என்பதிலும் விட்டுக்கொடுக்க முடியாது. பழைய ஹூண்டாய்க்கு எஸ்.பி.-3, ஹோண்டாவுக்கு அதன் சொந்த வகை, சி.வி.டி.க்கு சி.வி.டி. ஆயில் மட்டும். சி.வி.டி.யில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பட்டை கப்பியில் பிடிக்காமல் நழுவும். வடித்து ஊற்றும்போது பாதிக்கு மேல் பழைய ஆயில் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவது நல்லது. பல ஆண்டு மாற்றாத பழைய பெட்டியில் மெஷின் வைத்து அழுத்தமாக ஃபிளஷ் அடிப்பதைவிட இதுவே பாதுகாப்பு.

கடற்கரை ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியது ரேடியேட்டர். பல பழைய வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய், ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஓடும். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர். கூலன்ட் காசை மிச்சப்படுத்த வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் அந்தச் சுவர் அரிக்கும். அரித்த இடத்தில் கூலன்ட்டும் ஆயிலும் கலக்க, டிப் ஸ்டிக்கில் வருவது ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். கிளட்ச் தகட்டில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீரும் கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் பெயர்த்துவிடும். 2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரண்டியர் வண்டிகளில் அமெரிக்காவில் இதே கோளாறு பரவலாக வந்து, வழக்கு வரை போனது. ரேடியேட்டரில் தொடங்கிய தவறுக்குக் கியர் பாக்ஸ் பலியானது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து (இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும்) எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்க்கச் செலவு எதுவும் இல்லை.

அதே ரோஸ் மில்க் நிறம் வெள்ளத்தாலும் வரும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. மிக்ஜாமில் மணலி சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெயும் வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவி, முகத்துவாரக்குப்பம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டியில் இன்ஜினைத் துடைத்து ஸ்டார்ட் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கியர் பாக்ஸின் மேற்புறம் காற்றுப் போக ஒரு சிறு துவாரம் இருக்கிறது. சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கி, அந்தத் துவாரம் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பெட்டி மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்யும் முன்பே கியர் ஆயிலைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றிவிட வேண்டும். பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள், அந்த வண்டி இந்த இரண்டு டிசம்பரில் எங்கே நின்றது என்று கேட்பது நல்லது.

அடுத்தது கரண்ட். ‘பி’யிலிருந்து லீவர் நகரவே இல்லை என்றால் பலர் கியர் பாக்ஸ் சிக்கிக்கொண்டது என்று பயந்துவிடுகிறார்கள். பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் போய்ப் பாருங்கள். பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்விட்சு, அல்லது ஒரு ஃபியூஸ். பிரேக் மிதித்த தகவல் போகாமல் லீவரின் பூட்டு விடாது. பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினாலும், உப்புக்காற்றில் எர்த் கம்பியின் முனை பச்சை பூத்துப்போனாலும், கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் தவறான தகவல் வாங்கி, பாதுகாப்புக்காக வண்டியை இரண்டாவது அல்லது மூன்றாவது கியரிலேயே பூட்டிவிடும். லிம்ப் மோடு என்பது இதைத்தான். ஸ்கேனரில் பி0700 என்று வந்தால் அதற்கு ‘கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது’ என்பது மட்டுமே பொருள். கூடவே இருக்கும் அடுத்த எண்ணைப் படித்தால்தான் காரணம் தெரியும். இன்ஜின் மவுன்ட் ரப்பர் கிழிந்தாலும், ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக எரியாமல் போனாலும் கியர் ஜெர்க் போலவே இருக்கும்.

இரட்டைக் கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியுள்ள சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்து, சிந்தெடிக் ஆயிலுக்குப் பதிலாக மினரல் ஆயில் மாற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் நின்று நின்று ஓடும்போது பழைய ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்பது காரணம். எண்ணூரை மனதில் வைத்து எழுதியது போன்ற காரணம் அது. 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பவர்ஷிஃப்ட் என்ற அதன் இரட்டைக் கிளட்ச் பெட்டியின் உதறல் பற்றிப் புகார் சொன்னவர்களிடம், கோளாறு இருப்பது தெரிந்தும், அவர்கள் ஓட்டும் விதத்தின் மேல் பழிபோட்டது அதில் ஒரு குற்றச்சாட்டு. 2013-இல் இந்தியாவுக்கு வந்த ஈகோஸ்போர்ட்டின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் பவர்ஷிஃப்ட்தான் இருந்தது. “நீங்க ஓட்டுறது சரியில்ல” என்ற பதிலை யாரும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பெட்டிக்குள் ஆயில் பம்ப்பும் ஓடாது. இன்ஜினோடு இணைந்த சக்கரம் தரையில் உருள உருள, பெட்டியின் உள்பாகங்கள் ஆயில் இல்லாத வறட்சியில் தேயும். பிளாட்பெட் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

எல்லாம் பார்த்தும் பெட்டி உண்மையிலேயே போயிருந்தால், புதுப்பேட்டையில் பழைய பெட்டி கிடைக்கலாம். மாடல், ஆண்டு, பெட்டியின் மேல் குத்தியிருக்கும் எண் ஆகியவை ஒத்துப்போக வேண்டும். அதன் ஆயிலையும் வாங்கும் முன் வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். அதுவும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம்.

சாவியைக் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் மூன்றைக் கேளுங்கள்: ஆயிலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஸ்கேனரில் வந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள், பேட்டரி வோல்ட்டேஜும் கூலன்ட்டும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் பெட்டியை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.