அருகருகே இரண்டு சுரங்கங்கள்

நகரத்தில் நிலத்துக்குக் கீழே ரயில் ஓடுவதென்றால் பெரும்பாலும் இரண்டு சுரங்கங்கள் வேண்டும். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. முதலாவது முன்னே போக, மற்றது பின்னால் தோண்டப்படும். மேலே சனங்கள் குடியிருக்கிறார்கள். நிலம் எவ்வளவு இறங்கும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் சுற்றியுள்ள மண் கொஞ்சம் உள்நோக்கி நெருங்கும். அதனால் சுரங்கத்தின் கனவளவை விடச் சற்றுக் கூடுதலான மண் வெளியே போகிறது. இதுவே 'கனவளவு இழப்பு'. அது மேலே ஆழமில்லாத ஒரு பள்ளமாகத் தெரியும். மணி வடிவ வளைகோட்டைத் தலைகீழாக வைத்தால் அந்தப் பள்ளத்தின் வடிவம் கிடைக்கும் என 1969இல் மெக்சிகோ மாநாட்டில் ரால்ஃப் பெக் எடுத்துக்காட்டினார்.

அப்படியானால் இரண்டு பள்ளங்களையும் கூட்டினால் போதும்தானே? சுரங்கங்கள் தூரத்தில் இருந்தால் போதும். நெருங்கி இருந்தால் அந்தக் கணக்குச் சரிவராது. முதற்சுரங்கம் பக்கத்து மண்ணை ஏற்கெனவே அசைத்துவிட்டது. அசைந்த களிமண்ணின் விறைப்புக் குறைந்துவிடும். எனவே இரண்டாவது பள்ளம் பெரும்பாலும் எதிர்பார்த்ததை விடப் பெரிதாகி, முதற்சுரங்கத்தின் பக்கம் சாய்கிறது. மண்ணைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணிக்கும் கணினி மாதிரிகளில், அசைவோடு விறைப்பு மாறுவதையும் தோண்டும் ஒழுங்கையும் சேர்ப்பது இதற்காகத்தான்.

கட்டடம் முழுவதும் ஒரே சீராக இறங்கினால் சேதம் குறைவு. ஒரு மூலை கூட, மறு மூலை குறைய இறங்கும்போதுதான் சுவர் வெடிக்கும். பள்ளம் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தவறவிட்டால், பாதுகாப்பானது என்று நாம் நினைத்த வீடே வெடிப்புக் காணலாம்.

லண்டன் ஜுபிலி பாதையின் நீட்டிப்புக்காக, செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் கீழே இரண்டு சுரங்கங்கள் தோண்டப்பட்டன. ஒன்று ஏறத்தாழ 31 மீற்றர் ஆழத்தில், மற்றது 20.5 மீற்றரில். மேலே கட்டடம் இல்லாததால் மண்ணின் அசைவை மட்டும் தனியே அளக்க முடிந்தது. லண்டன் களிமண்ணில் 1 முதல் 2 வீத இழப்பே வழமை. அங்கு 1995இல் முதற்சுரங்கத்துக்கு 3.3 வீதம் பதிவானது, அடுத்ததற்கும் 2.9 வீதம்.

மாதிரி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அளவுகோலை ஓரமாக வைக்க முடியாது என்பதையே இது சொல்கிறது. முதற்சுரங்கம் தோண்டும்போது கிடைக்கும் அளவீட்டைக் கொண்டு மாதிரியைத் திருத்தி, அதன் பிறகே இரண்டாவதன் மேலுள்ள வீடுகளைப் பற்றி முடிவு சொல்ல வேண்டும்.