லேட் என்றால் தாமதம் மட்டுமா?

"பஸ் லேட்", "ஆபீசுக்கு லேட்" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அதே லேட் ஒருவரைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வந்து நின்றால் பொருள் மாறிவிடும். 'மை லேட் ஃபாதர்' என்றால் காலஞ்சென்ற என் அப்பா. நம்முடைய 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்குள்ளும் காலம் இருக்கிறது, கவனித்தீர்களா?

சொல் நிற்கும் இடம்தான் முக்கியம். 'மை ஃபாதர் இஸ் லேட்' என்றால் அப்பா வரத் தாமதமாகிறது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கத்து ஆங்கிலத்திலோ இதற்கும் 'இறந்துவிட்டார்' என்று பொருள் உண்டு.

பெயரோடு சேர்க்கும்போது முன்னால் 'தி' போடுங்கள்: 'தி லேட் அப்துல் கலாம்'. பதவியிலிருந்து ஓய்வுபெற்றவருக்கு இந்தச் சொல்லை எழுதிவிடாதீர்கள். நலமாக இருக்கும் தலைமையாசிரியரை ஆண்டுவிழா அழைப்பிதழில் இப்படி அச்சடித்தால் அவர் வீட்டார் மனம் என்ன பாடுபடும்! அவருக்கு 'ஃபார்மர்' (முன்னாள்) என்பதே சரி. நெடுங்காலத்துக்கு முன் மறைந்தவர்களுக்கும் 'லேட்' பொருந்தாது. 1616-இல் இறந்த ஷேக்ஸ்பியரை 'தி லேட் ஷேக்ஸ்பியர்' என்று எழுதும் வழக்கமில்லை. நம் நினைவில் இன்னும் ஈரமாக இருப்பவர்களுக்கே இந்தச் சொல்.

இன்னொன்று. தாமதத்துக்கு விளக்கக் கடிதம் எழுதும் மாணவர்கள் சிலர் 'ஐ கேம் லேட்லி' என்று எழுதுகிறார்கள். 'லேட்லி' என்றால் 'அண்மைக் காலமாக' என்று பொருள். அங்கே 'ஐ கேம் லேட்' என்று எழுதினாலே போதும்.